இடது பக்கப் பெட்டி

பாச்சை உருண்டை வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பட்டுப்புடவை நினைவுக்கு வரும். எனக்குப் பாட்டு கேட்கும். பீரோ கதவு திறக்கிறது, அந்த வெள்ளை நெடி மூக்கில் ஏறுகிறது, உடனே காதுக்குள் ஒரு தபேலா, அதன்மேல் ஒரு கரகரப்பு, கரகரப்புக்கும் அப்பால் நகம் துணியில் இறங்கும் சத்தம். சர்ரக். நின்று, மறுபடி, சர்ரக். யார் அது என்று திரும்பிப் பார்க்கிறேன். இன்றைக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பீளமேட்டில், மில் சங்கு கேட்கும் தூரத்தில், வரிசையாக ஒட்டி நின்ற வீடுகளில் ஒன்று எங்களுடையது. கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. கணவருக்கு மில்லில் மோட்டார் பார்க்கும் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, செம்புக்கம்பி சுற்றி, மெழுகு நூலால் இறுக்கிக் கட்டி, மறுபடி ஓடவைப்பார். எனக்கு ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. எழுத்துகளைச் சந்தேகப்படுவதுதான் என் தொழில். ஒற்று மிகுந்துவிட்டதா, விழுந்துவிட்டதா, இந்த 'ன' எதற்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடுவதில்லை. உப்பு டப்பா ஒரு விரல்கடை நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

அவருக்குப் பாட்டின்மேல் பித்து. பாட்டின்மேல் என்பதைவிடப் பாட்டு வரும் பெட்டியின்மேல். கடையில் வாங்கியதெல்லாம் தகர டப்பா, சொந்தமாக அசெம்பிள் செய்தால்தான் செட்டு என்பார். ஆசாரியிடம் சொல்லி, இடுப்புயரத்துக்கு இரண்டு பிளைவுட் பெட்டிகள் செய்து வாங்கினார். முன்பக்கம் சாக்குபோல முரட்டு இழை ஓடிய பழுப்புத் துணி. பின்பக்கம் ஒரு வட்ட ஓட்டை, அதில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு.

"இது என்னங்க ஓட்டை?"

"மூக்கு. மூச்சு உடாம பேஸ் எப்படி வரும்?"

"உள்ள?"

"உள்ள பஞ்சு அடைக்கோணும். இல்லீன்னா சத்தம் பலகையில முட்டி முட்டித் திரும்பி வந்துரும்."

"பஞ்சுமில்லுக்காரருக்குப் பஞ்சுக்குப் பஞ்சமில்லை."

"சிரி, சிரி. பாட்டு வரட்டும், அப்பறம் பேசு."

மில்லிலிருந்து கழிவுப்பஞ்சு ஒரு பை வந்தது. நான் அச்சகத்துக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை பெட்டிகளை அடைத்து, மூடி, திருகாணி முடுக்கி வைத்திருந்தார். மாலையில் நான் உள்ளே நுழைந்தபோது வயலின் சத்தம் சுவரிலிருந்து கசிந்து தரையில் ஓடி என் கால்விரலைத் தொட்டது. பொய் சொல்லவில்லை. தரை அதிர்ந்தது. எதிர்வீட்டு அக்கா இட்லித்தட்டோடு வாசலுக்கு வந்து, "ஏனுங்க, உங்கூட்ல யாருங்க ஒறம்பரை? கச்சேரியே நடக்குதுங்களே!" என்றார். கணவர் அன்று முழுக்க நடந்த நடையில் ஒரு தாளம் இருந்தது.

பூனை அன்னூரிலிருந்து வந்தது. முதல் ஆடிக்குப் பிறந்தவீடு போன நான் திரும்பும்போது மடியில் குட்டியாக வந்தது. வெள்ளை, கறுப்பு, செம்மண். ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் செம்மண் நிறம், அதனால் எப்போதும் ஒரு புருவத்தைத் தூக்கி, 'அப்படியா?' என்று கேட்பதுபோல இருக்கும். "சீர்வரிசையில இதுவும் பாக்கி இருந்துச்சுங்களா?" என்றார் கணவர். ஆனாலும் தயிர்சாதத்தில் ஒரு உருண்டை அவர் தட்டிலிருந்துதான் அதற்குப் போகும். எங்கள் வீட்டில் பூனைக்குப் பெயர் வைக்கும் வழக்கமில்லை. கூப்பிட வேண்டிய தேவையும் வரவில்லை. நான் அழைக்காமலே வந்தது அது ஒன்றுதான். புது ஊர், புது மனிதர்கள், யார் எதை நினைத்துக்கொண்டு எதைச் சொல்கிறார்கள் என்று பிடிபடாத மாதங்கள். மதியத்தில் வீட்டுக்குள் எனக்கு முன்பே தெரிந்த ஒரே உயிர் அந்தப் பூனை.

முதல் கிழிசல் ஒரு சுண்டுவிரல் நீளம்தான். இடது பக்கப் பெட்டி, கீழ்மூலை.

எங்கள் பக்கத்துக் கோபத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. குரல் உயராது, மரியாதை உயரும். கணவர் பூனைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, இத்தாப்பெரிய ஊட்டுல உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா? கதவு இருக்குதுங்க. கட்டில் கால் இருக்குதுங்க. எங்கூட்டுக்காரி பொறந்தூட்டு பீரோகூட இருக்குதுங்க. அதையெல்லாம் உட்டுப்போட்டு இங்கதான் வந்து நகத்தைத் தீட்டோணுங்களா?"

பூனை பின்னங்காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது.

"பாரு, பதில் சொல்லுதா பாரு."

"நீங்க வக்கீல் வெச்சுப் பேசறீங்க. அது வாயில்லாதது."

"நகம் இருக்குதல்ல?"

அன்றிலிருந்து வீட்டுக்குள் காவல். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து பெட்டி ஓரமெல்லாம் தேய்த்தார். வீடு ஊறுகாய் ஜாடிபோல மணத்தது, பூனை தும்மிக்கொண்டே கிழித்தது. என் பழைய நூல்புடவை ஒன்றைப் போர்த்தினார். பாட்டு கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பாடுவதுபோல வந்தது. அவருக்கே பொறுக்கவில்லை, எடுத்துவிட்டார். நான் என் பங்குக்கு, நகம் தீட்டத் தோதாக ஒரு தென்னைநார் மிதியடியைப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு ஆணியடித்து நிறுத்தினேன். பூனை அதை மோந்து பார்த்தது. பிறகு அதைக் கீழே இழுத்துப்போட்டு அதன்மேல் சுருண்டு படுத்தது. கடைசியாகக் கோழிவலை வந்தது. பெட்டியின் முகத்தில் வலையை இழுத்துக் கட்டியதும் பாடகர்கள் எல்லாரும் ஜெயிலில் இருந்து பாடினார்கள்.

நடுவில்தான் பாச்சை உருண்டை. சிறுசிறு துணி முடிச்சாகக் கட்டிப் பெட்டியைச் சுற்றித் தொங்கவிட்டார். அது பூனைக்கு விஷம் என்று அச்சகத்தில் ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். தினமும் ஒன்றிரண்டை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிடுவேன்.

"ஏம்புள்ள, இது இவ்வளவு வேகமாவா கரையும்?"

"காத்துல கரையறதுதானுங்களே அதோட வேலை."

"துணிகூடவா கரையும்?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது நல்லதாகப் போயிற்று.

அவர் பூனையைச் சந்தேகப்பட்டார், பிறகு பூனைக்குத் துணை போகிறேன் என்று என்னை. நான் யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க ஒரு பிழை கண்ணில் உறுத்தியது. கிழிசல் எல்லாம் இடது பெட்டியில். வலது பெட்டி அன்று செய்ததுபோல அப்படியே. ஒரே துணி, ஒரே உயரம், நடுவில் நான்கு அடி தூரம். நகம் தீட்டுகிற பூனைக்கு இடமென்ன, வலமென்ன?

இன்னொன்று. அது நகம் தீட்டவில்லை. கட்டில் காலில் தீட்டும்போது உடம்பை நீட்டி, வாலைத் தூக்கி, சோம்பல் முறித்துக்கொண்டு செய்யும். இங்கே அப்படியில்லை. பெட்டிக்கு முன்னால் அமர்ந்து, காதுகளை முன்னால் மடக்கி, தலையை ஒருபக்கம் சாய்த்துக் காத்திருக்கும். பிறகு திடீரென்று பாயும். சர்ரக். அதுவும் பாட்டு ஓடாத நேரத்தில்தான் அதிகம். என் கணவர் பாட்டு கேட்கும்போது கண்மூடி உட்கார்வார். பூனை, பாட்டு நின்றபின் கண்திறந்து உட்கார்ந்தது. அந்தப் பெட்டி எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது, எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை, அதற்குக் கேட்கிறது என்று தோன்றும். மதிய வெயிலில், ஊமையாக நிற்கும் ஒரு மரப்பெட்டியைப் பூனையும் நானும் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"ஏனுங்க, வலது பக்கத்தை அது தொடறதே இல்லீங்களே?"

"அதுக்கு எடதுதான் புடிச்சிருக்குதாட்ட."

"இப்பப் பாட்டுல கரகரன்னு வருதே, அதுவும் எடதுலதானுங்க."

"பூனை நகம் ஸ்பீக்கர்ல பட்டிருக்கும்."

"ஒருக்கா தெறந்துதான் பாருங்களேன்."

"தெறந்தா சவுண்டு போயிரும்."

சட்டென்று வந்த பதில். கேள்வி முடியுமுன்னே வந்தது. தினமும் மோட்டாரைப் பிரித்து மேய்கிற மனிதர், தன் கையால் முடுக்கிய பன்னிரண்டு திருகாணிக்கு ஏன் இப்படிப் பதறுகிறார்? என் கண் அந்தப் பதிலின் கீழே ஒரு கோடு போட்டு வைத்தது.

கரகரப்பு கூடிய வாரம் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அக்காகிட்ட சொல்லிப்போட்டேன். ஞாயித்துக்கெழமை இங்க ஒரு கல்யாணத்துக்கு வருது. போகையில பூனையக் கொண்டுபோயிரும்."

அவருடைய அக்கா வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் இருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அங்கே தீவனக் கொட்டகையில் புண்ணாக்கு மூட்டைகளை எலி பாழாக்குகிறதாம். நங்கையாவே வீட்டுச் சொந்தக்காரர் போனில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, பூனைய நான் எடுத்துட்டுப் போகட்டுமா? உனக்கொண்ணும் சங்கட்டமில்லையே?"

"அதுக்கென்னங்க நங்கையா. தாராளமா எடுத்துட்டுப் போங்க."

சொல்லிவிட்டேன். யோசிக்காமல், பழக்கத்தில், வாசலோடு போகிறவரைச் 'சாப்பிட்டுட்டுப் போலாங்க' என்று அழைப்பதுபோல. எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டோம். சரி என்று சொல்லிவிட்டு, அந்தச் சரி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் கேட்டவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்போம். போனில் எந்தச் சரியும் ஒரே கனமாகத்தான் கேட்கும். நங்கையா, "நல்லதா போச்சு" என்று வைத்துவிட்டார். கொடுத்த வார்த்தையைத் திருப்பிக் கேட்கும் சொல் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

சனிக்கிழமை, நங்கையா வந்தால் படுக்க என்று, பீரோவின் அடித்தட்டிலிருந்து விருந்தாளித் தலையணையை எடுத்தேன். அம்மா சீரில் கொடுத்தது. எங்கள் வரப்பு மரத்து இலவம்பஞ்சு. கல்யாணத் தேதி முன்னால் வந்துவிட்டதால் அந்த ஒன்றில் மட்டும் கொட்டை பொறுக்க நேரமில்லாமல் அடைத்துவிட்டார். "இத நீ தலைக்கு வெக்காதே, குத்தும். ஒறம்பரைக்குக் குடு" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

தலையணை கையில் கனக்கவில்லை. தோசைபோலத் தொங்கியது. பக்கத் தையலில் அம்மாவின் பொடித்தையல் இல்லை. தடித்த, மெழுகு பூசிய நூல், இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது. மோட்டாருக்குள் கம்பிச்சுற்றைக் கட்டுகிற நூல்.

"ஏனுங்க, இது என்னங்க இப்படிச் சப்பிப் போயிருக்குது?"

"பஞ்சுதானே. அமுங்கியிருக்கும்."

"அமுங்கினா தையல் மாறுங்களா?"

"கொறட்டு வேலை இருக்குது, வாரேன்" என்று பொடக்காளிப் பக்கம் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் அந்தத் துண்டு நிலத்தில் அன்று குறட்டுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. ஏன் என் அம்மா தலையணையை அறுத்தார்? என்ன தேடினார்? நகையா? ஒளித்துவைக்க என்னிடம் என்ன இருக்கிறதென்று நினைத்தார்? மெய்ப்புத்தாளில் ஒரு எழுத்து தவறென்றால் பக்கம் முழுவதும் தவறாகத் தெரியும். அன்று அவர் முகமே எனக்கு அப்படித் தெரிந்தது.

ஞாயிறு கல்யாணச் சாப்பாடு முடித்து நங்கையா வந்தார். அரக்குப் புடவை, தலைநிறையக் கனகாம்பரம், மூடி வைத்த ஒரு ஒயர்கூடை. பூனையை நானே கூடைக்குள் வைத்தேன். துண்டால் மூடிக் கட்டினேன். கட்டும்போது அது என் கையை நக்கியது. சொரசொரவென்று. 

"எங்கடா, உன்ர செட்டுச் செட்டுன்னு பீத்துவியே, போடு கேக்கலாம்."

கணவர் கோழிவலையை அவிழ்த்து, ஜெயிலைத் திறந்து, பாட்டுப் போட்டார். வலது பக்கம் புல்லாங்குழல் வந்தது. இடது பக்கம் ஒருமுறை கரகரத்து, இருமி, நின்றுபோனது.

"பாத்தீங்களாக்கா? இத்தனையும் அவங்க வேலை" என்று பாட்டை நிறுத்திவிட்டுக் கூடையைக் காட்டினார்.

கூடை ஆடியது. துண்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல், அந்தப் பூனையிடம் நான் கேட்டேயிராத தடித்த குரல். பாட்டு நின்ற அமைதியில் இப்போது எனக்கும் கேட்டது. பெட்டிக்குள் எதுவோ சுரண்டியது.

"தெறங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு? அக்காவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது..."

"தெறந்துபோட்டே போலாங்க. நங்கையாவும் பாக்கட்டும்ங்க."

அத்தனை 'ங்க' போட்டு நான் பேசி அவர் கேட்டதில்லை. திருப்புளியை எடுத்துவந்தார். ஒவ்வொரு திருகாணியும் கழலும்போது முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பின்பலகையைத் தூக்கினார். வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு மூச்சுவிட்டதுபோல வெளியே பொங்கியது. அதோடு கறுப்புக் கறுப்பாய்க் கொட்டைத்தோல், கடித்துத் துப்பிய ஒயர் துணுக்குகள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஒரு அரைவட்டம் காணவில்லை. ஒரு எலி அவர் புறங்கையில் ஏறிக் குதித்து, சமையலறை வழியாகப் போயே போய்விட்டது. பஞ்சுக் குழியின் நடுவில், கண் திறக்காத குஞ்சுகள், வெங்காயத்தோல் நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன.

நங்கையா குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, எல்லாரும் தலகாணியத் தலைக்கு வெப்பாங்க. நீ பொட்டிக்கு எதுக்குடா வெச்ச?"

"மில்லுப் பஞ்சு ஒரு பொட்டிக்குத்தான் வந்துச்சுங்கக்கா."

"அதுக்கு? பொண்டாட்டி பொறந்தூட்டுச் சீர அறுத்தயாக்கும்? கேட்டுட்டு எடுக்கறதுக்கென்ன?"

"கேக்கறது எப்படிங்கக்கா. சீர்ச் சாமானக் கேட்டா அவங்கூட்ல என்ன நெனப்பாங்க? நம்மகிட்ட ஒரு தலகாணிக்குக்கூட வக்கில்லைன்னு..."

கேட்க மரியாதை தடுத்திருக்கிறது. அறுக்கத் தடுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அதே மரியாதையில்தான் நானும் பூனையைக் கூடையில் கட்டி வைத்திருந்தேன்.

"அதென்னமோ ஆகட்டும். துணியக் கிழிச்சது பூனைதானே?" என்றார் கணவர், பஞ்சை அள்ளிக்கொண்டே.

"எதுக்குக் கிழிச்சுதுங்க?"

கணவர் பஞ்சைக் கீழே போட்டார். குஞ்சுகளை முறத்தில் ஏந்தி வெளியே பொட்டல் நிலத்துக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, கைகழுவி, சட்டை மாற்றி, கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பூனையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நங்கையா கேட்டு வந்தவர், வேண்டாம் என்று தாமாக எப்படிச் சொல்வார்? நான் கொடுத்தவள். அவிநாசி ரோடு வரைக்கும் மூவரும் கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் திப்பித்திப்பியாக இருந்ததைப் பற்றியே பேசினோம். நங்கையா அவ்வப்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்தேன். கணவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். சொல்லுங்களேன், யாராவது சொல்லுங்களேன் என்று எனக்குள் அலறிக்கொண்டிருந்தது. வாய், "பருப்பு நல்லா இருந்துச்சுங்களா நங்கையா?" என்றது.

திருப்பூர் பஸ் வந்தது. நங்கையா ஏறி, ஜன்னலோரம் இடம்பிடித்து, வெளியே கை நீட்டினார். கணவர் கூடையைத் தூக்கினார். பாதி உயரம் போன கூடை அங்கேயே நின்றது. கண்டக்டர் விசில் அடித்தார். கூடை, மேலே போகவில்லை. அவர் அதை மெல்ல இறக்கி, தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"டேய், கூடை?"

"கூடைய இன்னொரு நாளைக்குக் கொண்டாந்து குடுத்தர்றனுங்கக்கா."

"கூடையத்தானே? உள்ள இருக்கறது?"

அவர் கூடையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். நங்கையா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கனகாம்பரம் குலுங்கச் சிரித்தார். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டுச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"பூனைய உடு, அம்மணி! இவன் மேல ஒரு கண்ணு வெச்சுக்க! வாரேன்!"